சிவப்புக் கோட்டுக்கு மேலே

கோபம் வரவேண்டும். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் இந்நேரம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. இவர் நீட்டுகிற சேலையின் முந்தியில் மூன்று தென்னை மரங்கள் அச்சாகியிருக்கின்றன. நடுமரம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நான் அந்தச் சாய்வைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அச்சுப் போட்டவனுக்குக் கை நடுங்கியிருக்குமோ என்று யோசிக்கிறேன். புருஷன் போய் மூன்றாவது மாதத்தில் ஒருத்தி யோசிக்கவேண்டியது இதுதானா?

கொளஞ்சியம்மாள் இவ்வளவையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டு, பெரம்பலூர்ச் சந்தைத் திடலில், மோட்டார் சைக்கிள் வித்தைக்காகப் புதிதாகப் பூட்டி நிறுத்தியிருந்த மரக்கிணற்றின் நிழலில் நின்றாள். எதிரே பீடிக் கம்பெனி முதலாளி அமிர்தலிங்கம், பச்சைச் சேலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருந்தார். கோயிலில் மாலை வாங்க நிற்பவரைப் போல இருந்தது.

"புதுசும்மா. பழசுல பொத்தல் விழுந்துருச்சுன்னு ஆண்டாயி சொன்னுச்சு. அதான் அரியலூர்லேருந்து கையோட கொண்டாந்தேன்."

"நான் இப்ப கலர் கட்டறதில்லீங்களே."

"எனக்குத் தெரியாதாம்மா? அங்கமுத்துவைத் தூக்கறப்ப நானும்தானே நின்னேன்." அவர் குரல் இறங்கியது. "ஆனா இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. நோட்டீசுல மாஸ்டர் தர்மராஜ்னுதான் போட்டிருக்கு. நடராசன் கண்ணாடிய மாட்டிக்கிட்டா அவன்தான் தர்மராஜ். நீ எப்பவும் போல மேல நின்னு பீடிய நீட்டு. ஒரு பொட்டு வச்சுக்க. கிணத்த விட்டு எறங்குனதும் அழிச்சுடு. வெள்ளிக்கெழமை, சிறுவாச்சூர்க் கோயிலுக்குப் போயிட்டுத் திரும்புற ஜனமெல்லாம் இங்கதான் வரும். திருச்சி ஏஜண்டும் வர்றாரு."

அவள் சேலையை வாங்கிக்கொண்டாள். மறுப்பதற்கும் ஏதாவது ஒன்று உள்ளே கிளம்ப வேண்டுமே, அது கிளம்பவில்லை. அமிர்தலிங்கம் நிம்மதியாக மூச்சு விட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. இதை அவள் பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள், சரியாகத்தான் வருகிறது. டாக்டரை ஜட்கா வண்டியில் கூட்டி வந்தவர் அவர். உடம்பைச் சொந்த ஊரான வரதராஜன்பேட்டைக்குக் கொண்டுபோகத் தன் லாரியையே கொடுத்தார். வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அன்று அவள் அழவில்லை. ஊர்ப் பெண்கள் அவளைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கிணற்றுப் பலகைகள் வீட்டுக் கொல்லையில் பனையோலைக்கு அடியில் கிடந்தன. அங்கமுத்து பட்டாளத்து ஏலத்தில் எடுத்த மோட்டார் சைக்கிளைத் தினமும் துடைப்பான், உதைக்க மாட்டான். யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. அப்போதுதான் அமிர்தலிங்கம் வந்தார். பீடி இலை ஏற்றுகிற லாரிகளுக்காக அவருக்குப் பெட்ரோல் கூப்பன் உண்டு. "கிணறு உன்னுது, பெட்ரோல் என்னுது" என்றார். மூன்று தென்னை மார்க் பீடியை ஊர் ஊராகத் தெரியவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு குறைதான் கண்டார்.

"அங்கமுத்துங்கிறது ஏர் ஓட்டறவன் பேருய்யா. மோட்டார் சைக்கிள் ஓட்டறவனுக்கு ஒரு பேரு வேணும். மாஸ்டர் தர்மராஜ்! எப்படி?"

அங்கமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். அன்று இரவு அவளிடம், "இனிமே நீ தர்மராஜ் பொண்டாட்டி. அங்கமுத்து பொண்டாட்டி ஊருக்குப் போயிட்டா" என்றான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்பது இப்போது நினைவில் இல்லை. சிரித்தாள் என்ற செய்தி மட்டும் இருக்கிறது.

பீடியை நீட்டுகிற யோசனையும் அமிர்தலிங்கத்துடையதுதான். கிணற்றுக்கு வெளியே படியேறி, ஜனம் விளிம்பைச் சுற்றி நின்று உள்ளே குனிந்து பார்க்கும். வண்டி அடியிலிருந்து சுற்றிச் சுற்றிப் பலகைச் சுவரில் ஏறி, சுவரிலேயே படுத்தாற்போல ஓடும். விளிம்புக்கு ஒரு முழம் கீழே விரல் கனத்தில் ஒரு சிவப்புக் கோடு. எந்தக் கிணற்றிலும் அதைத் தாண்ட மாட்டார்கள். அங்கமுத்து ஒரு ஆட்டத்துக்கு ஒரு முறை தாண்டுவான். பச்சைச் சேலையில் அவள் விளிம்பில் சாய்ந்து, பற்றவைத்த பீடியை இரண்டு விரலில் பிடித்து நீட்டுவாள். அவன் இரண்டு கையையும் விட்டுவிட்டு மேலே வந்து, அவள் விரலிலிருந்து பீடியை உருவி வாயில் வைத்துக்கொண்டு கீழே இறங்குவான்.

தகரக் குழாயில் வைத்திலிங்கம் கத்துவான்: "மாஸ்டர் தர்மராஜ் வாயில என்னா?"

"மூணு தென்னை!" என்று ஜனம் கத்தும்.

அவன் இழுத்து விடுகிற புகை கிணற்றுக்குள் ஒரு வளையமாக நின்று மெல்லக் கலையும். அங்கமுத்துவுக்குப் பீடி பிடிக்காது. இறங்கியதும் வாயைக் கொப்பளிப்பான்.

மார்கழியில், அரியலூரில், அமிர்தலிங்கம் இன்னொன்று கேட்டார். அவள் நிற்கிற இடத்துக்கு நேர் கீழே, சுவரின் உள்பக்கம், சிவப்புக் கோட்டுக்கு மேலே மூன்று தென்னையை வரைய வேண்டும். பீடி கை மாறும்போது எல்லார் கண்ணும் அங்கேதான் இருக்கும். பெயிண்டர் வந்து பளபளவென்று வரைந்தான். காய்ந்துவிட்டதா என்ற கேள்விதான் எல்லாருக்கும். அங்கமுத்து விரலை வைத்துப் பார்த்தான். நடராசன் வைத்துப் பார்த்தான். வைத்திலிங்கம், பெயிண்டர், அமிர்தலிங்கம்கூட ஏணியில் பாதி ஏறி எட்டித் தொட்டார். விரலை விரலைக் காட்டிக்கொண்டார்கள். ஒருவர் விரலிலும் ஒட்டவில்லை.

பொழுது சாய்ந்ததும் பனி இறங்கியது. வெறும் பலகை பனியைக் குடித்துவிடும். பெயிண்ட் குடிக்காது. அந்தக் கிணற்றில் ஒரு விரல் கனக் கோட்டைத் தவிர அதுவரை எதையும் பூசியதில்லை. அதனால் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. முன்சக்கரம் நடுமரத்தின் மேல் ஏறி வழுக்கியது. அதற்குப் பிறகு சத்தம்.

அவள் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. பீடி எரிந்து விரலுக்கு வந்து, விரலைச் சுட்டு, சேலையில் விழுந்து பொத்தல் போட்டது. யாரோ தட்டி அணைத்தார்கள். ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தோல் கறுத்துத் தடித்துவிட்டது. அதில் ஊசியால் குத்தினாலும் தெரிவதில்லை. சில சமயம் அவள் அந்த இரண்டு விரலையும் பார்ப்பாள். முழு ஆளும் இப்படி ஆகிவிட்டால், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியுமா என்று நினைப்பாள். தெரியாது. சோறு தின்கிறாள், தலை வாருகிறாள், பதில் சொல்கிறாள். ஆள் இருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

கிணற்றுக்குப் பின்னால் மூட்டிய அடுப்பில் ஆண்டாயி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஊர் ஊராகக் கூடவே வந்து சமைத்துப் போடுகிறவள். சேலையைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கட்டப் போறியா?"

"குடுத்தாரு, வாங்கிக்கிட்டேன்."

"வாங்கிக்கிட்டேன்னா? கொழுக்கட்டையாடி அது?" ஆண்டாயி சேலையைத் தொட்டுப் பார்த்தாள். "நல்ல துணிதான். அந்த ஆளு வஞ்சகம் பண்ண மாட்டான். ஏண்டி, பீடி பிடிக்காத பொம்பளை கையில எந்நேரமும் பீடி. பீடி பிடிக்காத ஆம்பளை வாயில பீடி. பீடி பிடிக்கிற நான் இங்க கெடந்து ஊதாங்குழலை ஊதுறேன். இது என்னா கம்பெனி?"

கொளஞ்சியம்மாளின் வாய் சிரிக்கப் போவது மாதிரி அசைந்தது.

"பொட்டு வச்சா என்னா, கழுவுனா போவுது" என்றாள் ஆண்டாயி, இன்னும் தணிவாக. "ஊரு பேசும். இங்க யாரு இருக்கா நம்ம ஊரு? நீ மாட்டேன்னா பெட்ரோலை நிறுத்திருவான். அப்புறம் இந்தக் கெணத்துல கோழிதான் அடைக்கணும். நானும் நீயும் முட்டை வித்துப் பொழைக்கலாம்."

"கோழி நல்லா ஏறுமா சுவத்துல?"

ஆண்டாயி அவளை வெடுக்கென்று நிமிர்ந்து பார்த்தாள். மூன்று மாதத்தில் அவள் சொன்ன முதல் வேடிக்கை அது. சொன்னவளுக்கே அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வந்த இடத்தை உள்ளே தேடிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

மதியம் நடராசன் வண்டியைக் குடைந்துகொண்டிருந்தான். தா.பழூர்க்காரன். அங்கமுத்துவிடம் ரிப்பேர் வேலைக்கு வந்து, கோட்டுக்குக் கீழே ஓட்டப் பழகினவன். கீழே ஓட்டுவதில் பிசகு இல்லை. கழுத்தில் சிவப்புத் துணியை அங்கமுத்து முடிவது போலவே இடதுபக்கம் முடிந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"அண்ணி, உங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லீங்களே? பேரைத்தான் சொல்றேன். முதலாளி சொல்லிட்டாரு."

"அது உங்க அண்ணன் பேரு இல்லையே. முதலாளி வச்ச பேருதானே."

"அதாங்க நானும் நெனச்சேன்" என்றான் சந்தோஷமாக. "எங்கம்மாகிட்டச் சொன்னேன், அது ஒரே அழுகை. தர்மராஜ்னு சொன்னா யாருக்குடா தெரியும் எம்மவன்னு கேக்குது." பிறகு செயினைத் துடைத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "அண்ணி, கையை விடறப்ப அண்ணன் எங்கங்க பாப்பாரு? சக்கரத்தையா, கோட்டையா? நான் கேக்காமலே விட்டுட்டேன்."

"என் கையைப் பாப்பாரு."

"சுவரைப் பாக்க மாட்டாரா?"

"இல்ல. கையைத்தான்."

அவன் தலையாட்டினான். அதைக் கவனமாக எங்கேயோ எடுத்து வைத்துக்கொள்வது போலிருந்தது. "ஒரு தடவை மேல ஏறி வெறுங்கையை நீட்டுறீங்களா அண்ணி? பீடி வேணாம். கோட்டுக்குக் கீழேயே ஓட்டறேன். கண்ணு மட்டும் பழகிக்கிறேன்."

அவள் படியேறினாள். பலகைகளுக்கு எண் போட்டிருப்பதால் ஒவ்வொரு ஊரிலும் அதனதன் இடத்தில்தான் வந்து உட்காரும். அவள் நிற்கும் இடத்துக்குக் கீழே மூன்று தென்னையும் வந்து நின்றன. நடுமரத்தின் குறுக்கே டயர் இழுத்த கறுப்புத் தடம் இருந்திருக்க வேண்டும். இல்லை. புதிதாகப் பச்சை ஏற்றியிருந்தார்கள். நேற்றோ இன்றோ. விரல் வைத்துப் பார்த்திருப்பார்கள்.

கீழே வண்டி உறுமியது. பலகைகள் அதிரத் தொடங்கின. அந்த அதிர்வு கால் வழியாக ஏறுவது மட்டும் அவளுக்கு எப்போதும் தெரியும், இப்போதும் தெரிந்தது. நடராசன் சுவரில் ஏறி ஒரே சீராகச் சுற்றினான். அவள் விளிம்பில் சாய்ந்து வெறுங்கையை நீட்டினாள்.

அவன் முகம் திரும்பியது. கண்ணாடிக்குள் அவன் கண்கள் அவள் விரல்களில் வந்து ஒட்டிக்கொண்டன. இந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். இத்தனை நாள் அதை அங்கமுத்து தன்னைப் பார்க்கிற பார்வை என்று நினைத்திருந்தாள். ஆயிரம் ஜனத்துக்கு நடுவில் ஒருத்தன் ஒருத்தியைப் பார்க்கிற பார்வை என்று உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அதே பார்வை இவன் கண்ணிலும் இருந்தது. சுவரில் ஓடுகிறவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு புள்ளி வேண்டியிருக்கிறது. அவ்வளவுதானா? இருக்கட்டும். அது நொந்ததா என்று பார்த்தாள். நோகவில்லை.

அடுத்த சுற்றில் அவன் இன்னும் மேலே வந்தான். மேலே வருவதாக அவனுக்கே தெரியவில்லை. கண் போகிற பக்கம் சக்கரம் தானாகப் போனது. சிவப்புக் கோட்டுக்கு நான்கு விரல் கீழே. அடுத்த சுற்றில் இரண்டு விரல். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கண் அவள் கையை விட்டு அசையவே இல்லை.

அவள் கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டாள்.

அவன் கண் ஒரு கணம் அலைந்து, பிறகு சுவருக்குத் திரும்பியது. சக்கரம் கீழே இறங்கியது. ஒரு முழம் இறங்கி, எப்போதும் போல ஓடியது.

அவள் விரும்பினால் ஏறுகிறான். விரும்பாவிட்டால் இறங்குகிறான். இது இவ்வளவு சின்ன விஷயமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. காலையிலிருந்து தான் காத்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. கோபம் வரும், அழுகை வரும், அது வந்தால் அதன் பலத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று. அது வரப்போவதில்லை. வராமலே சொல்லலாம் போலிருக்கிறது. கை மடக்குவதற்கு என்ன பலம் வேண்டும்?

கீழே வண்டியை நிறுத்திய நடராசன் கத்தினான். "ஏன் அண்ணி எடுத்துட்டீங்க? நல்லாத்தானே வந்துச்சு!"

"நல்லாத்தான் வந்துச்சு" என்றாள்.

பொழுது இறங்கும் நேரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நெற்றியில் சிறுவாச்சூர்க் குங்குமத்தோடு பெண்கள், தோளில் பிள்ளைகள், சந்தைக்கு மாடு கொண்டுவந்தவர்கள். வைத்திலிங்கம் தகரக் குழாயில் மாஸ்டர் தர்மராஜையும் அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டிருந்தான். பெட்ரோமாக்ஸ் விளக்குகளைச் சுற்றிப் பனி புகையாக நின்றது. அமிர்தலிங்கம் விளிம்பிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி, கம்பத்தைப் பிடித்தபடி நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாளும் விளிம்புக்கு வந்து குனிந்ததில்லை. உயரம் ஆகாது. பக்கத்தில் திருச்சி ஏஜண்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

கொளஞ்சியம்மாள் படியேறி வந்தாள். வெள்ளைச் சேலைதான் கட்டியிருந்தாள். பச்சைச் சேலை மடிப்புக் கலையாமல் கையில் இருந்தது.

அமிர்தலிங்கம் ஏஜண்டுக்குக் கேட்காதபடி அவளைக் கம்பத்துப் பக்கம் ஒதுக்கினார். "என்னம்மா இது? நேரமாச்சு. சரி, மேல சுத்திக்க. பனியில யாரு பாக்கப் போறா."

"நான் நீட்டலீங்க."

"என்னா?"

"பீடி நீட்டலீங்க. நடராசன் கோட்டுக்குக் கீழ ஓட்டட்டும். அதையும் ஜனம் பாக்கும்."

அவர் அவள் முகத்தில் எதையோ தேடினார். அழுகையாக இருந்தால் தேற்றியிருப்பார். சண்டையாக இருந்தால் சமாளித்திருப்பார். ஒன்றும் அகப்படவில்லை போலிருந்தது.

"பெயிண்டுக்காகத்தானே? இந்தத் தடவை துணி போட்டுத் தொடைக்கச் சொல்லிட்டேம்மா. நானே நின்னு பாத்தேன்."

"இப்பவும் பனி எறங்கிக்கிட்டுத்தாங்க இருக்கு."

அவர் விளக்கை அண்ணாந்து பார்த்தார். தோளை ஒரு முறை துடைத்துக்கொண்டார். "வேற ஆளை நிறுத்தவா? வைத்தி நீட்டுவான்."

"வேணாங்க. கிணறு என்னுது."

"பெட்ரோல் என்னுதும்மா." அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்துகிறவர் போல, கொஞ்சம் வருத்தமாகக்கூடச் சொன்னார்.

"ஆமாங்க. இன்னிக்கு ஊத்துனது ஓடட்டும். நாளைக்கு நிறுத்திக்குங்க."

கீழே வண்டி உதைபட்டது. பலகை அதிர்ந்தது. ஜனம் விளிம்புக்கு நெருக்கியது. நடராசன் சுற்றத் தொடங்கியிருந்தான். ஒவ்வொரு சுற்றிலும் அவன் முகம் அவள் வழக்கமாக நிற்கும் இடத்தை நிமிர்ந்து பார்த்தது. அங்கே கை இல்லாததால் மறுபடி சுவருக்குப் போனது.

அமிர்தலிங்கம் இடுப்பிலிருந்து பீடிக்கட்டை எடுத்து, ஒன்றை உருவித் தானே பற்றவைத்தார். முதல் முறையாகப் பற்றவைக்கிறவரைப் போலத் தீக்குச்சி இரண்டு தடவை அணைந்தது. கனிந்த பீடியை அவள் பக்கம் நீட்டினார்.

"ஒரே ஒரு தடவை. ஏஜண்டு பாக்கறாரு. எனக்காக வேணாம், அங்கமுத்து கட்டுன கிணத்துக்காக. நீ கையில வாங்கினாப் போதும்மா."

அவள் பச்சைச் சேலையைக் கம்பத்தடியில் அவர் கழற்றி வைத்திருந்த துண்டின் மேல் வைத்தாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் எடுத்துக்கொண்டாள். அவர் நீட்டியபடியே நின்றார். வைத்திலிங்கம் மாஸ்டர் தர்மராஜ் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஜனம் கையைத் தட்டியது. சாம்பல் வளைந்து உதிர்ந்தது. கனல் அவர் விரலுக்கு அருகில் வந்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"கீழ போட்டுடுங்க" என்றாள் அவள். "கை சுட்டுடும்."